நாளை பார்க்கலாம்

பல்கலைக்கழக நூலகங்கள் ஓராண்டிலேயே இரு வேறு தோற்றங்களைக் காட்டுவன. அரையாண்டின் தொடக்க வாரங்களில் அங்கே நாற்காலிகள் வெறுமையாய்க் கிடக்கும்; உசாத்துணைப் பகுதியின் நூல்கள் அடுக்குக் குலையாமல் நிற்கும். பரீட்சைக்கு இரு வாரங்கள் எஞ்சியிருக்கையிலோ, நூலகம் திறக்குமுன்பே வாயிலில் மாணவர் கூடிவிடுவர். ஒரே நூலுக்குப் பலர் காத்திருப்பர். போட்டோப் பிரதி எடுக்கும் கடைகளில் நிற்க இடமிராது. நூலும் அதுவே, மாணவரும் அவரே. இடையிற் கழிந்த வாரங்களில் நிகழ்ந்தது யாதென வினவின், அதற்குரிய விடை பெரும்பாலும் 'நாளை பார்க்கலாம்' என்னும் இரு சொற்களுள் அடங்கிவிடும்.

இவ்வாறு காலத்தைத் தள்ளிப்போடும் இயல்பைச் சோம்பல் என்று கூறி ஒதுக்கிவிடுவது எளிது. பெற்றோரும் அவ்வாறே கூறுவர். மாணவரும் தம்மைத் தாமே அவ்வாறு நொந்துகொள்வர். ஆயின், சற்று ஊன்றி நோக்குமிடத்து இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது புலனாகும். சோம்பேறி எதையும் செய்யாதிருப்பவன். தள்ளிப்போடும் மாணவனோ ஓயாது ஏதேனும் செய்துகொண்டேயிருப்பான். ஒப்படையை எழுத வேண்டிய நாளிலேதான் விடுதி அறை துப்புரவாகும். ஒரு மாதமாகக் கிடந்த உடைகள் தோய்க்கப்படும். குறிப்புப் புத்தகங்களுக்கு உறை போடப்படும். நண்பனின் கட்டுரைக்கு வேண்டிய தகவல்கள்கூடத் தேடிக் கொடுக்கப்படும். செய்யவேண்டிய அந்த ஒன்றைத் தவிர ஏனைய யாவும் நடைபெறும்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. திருக்குறளின் மடியின்மை அதிகாரம் கேடு விளைக்கும் இயல்புகளை எண்ணுமிடத்து நெடுநீர், மறவி, மடி, துயில் என நான்காகப் பிரித்தே எண்ணுகின்றது. விரைந்து செய்யவேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பே நெடுநீர். சோம்பல் வேறு, மறதி வேறு, உறக்கம் வேறு, நீட்டித்தல் வேறு. நோய்கள் நான்காயின் மருந்தும் ஒன்றாக இருத்தல் இயலாது. உறங்குபவனை எழுப்பிவிடலாம், மறந்தவனுக்கு நினைவூட்டலாம். நாளும் பொழுதும் அந்த வேலையையே நினைந்து நினைந்து, அதைத் தொடாமலே இருப்பவனை என் செய்வது?

தாமதங்கள் யாவும் குற்றமாகா என்பதும் இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது. காலந்தாழ்த்திச் செய்யவேண்டியவற்றைக் காலந்தாழ்த்தியே செய்யவேண்டும் என்று வினைசெயல்வகை அதிகாரம் கூறும். அன்றியும், இலங்கை மாணவரின் தாமதங்கள் பல அவரது கையை மீறியவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொவிட் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் இடத்தைத் தேடிச் சென்று விரிவுரை கேட்டவர் உளர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், கணினியில் எழுதுவதென்பது பெரும்பாடாயிற்று. புலமைப்பரிசிற் பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலை வேளைகளிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துப் படிப்பவரும் உளர். இவர்களை நோக்கி நேர முகாமைத்துவம் பற்றி அறிவுரை கூறுவது அறியாமையன்றி வேறன்று. ஆகவே இங்கு ஆராயப்படுவது நேரமும் ஒளியும் மேசையும் வாய்த்திருந்தும் எழுதப்படாமற் போகும் பக்கங்களைப் பற்றியே.

இதற்குக் கலைப்பீடத்து மாணவி ஒருத்தியின் அனுபவம் தக்க சான்றாகும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள் அவள். சிறப்புப் பட்டத்துக்குரிய ஆய்வுக் கட்டுரைக்கு, அயற் கிராமத்து வடமோடிக் கூத்து மரபைப் பொருளாகத் தேர்ந்தாள். அக்கிராமத்தில் முதிய அண்ணாவியார் ஒருவர் இருந்தார். கொப்பிகளில் எழுதப்படாத தாளக்கட்டுகளும், வரவு ஆட்டத்தின் நுட்பங்களும் அவரது நினைவிலே வாழ்ந்தன. 'பிள்ளை, எப்ப வேணுமெண்டாலும் வா, நான் இஞ்சதானே இருக்கன்' என்று அவர் சொல்லியிருந்தார்.

முதல் விடுமுறையில் வீட்டில் அறுவடைக் காலம். அது உண்மையான காரணந்தான். இரண்டாம் விடுமுறையிலே தடையேதும் இருக்கவில்லை. ஆயினும், நாட்டார் வழக்காற்றியல் பற்றிய கோட்பாட்டு நூல்களை முதலில் வாசித்து முடித்த பின்னரே களத்துக்குச் செல்லவேண்டும் என்று அவள் எண்ணினாள். அந்நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்மூலம் பயின்று வந்த அவளுக்கு ஒரு பக்கத்தைக் கடப்பதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டியிருந்தது. எனவே, ஆங்கிலத்தைச் சிறிது திருத்திக்கொண்ட பின்னர் அவற்றை வாசிக்கலாம் என்று அதனையும் ஒத்திவைத்தாள். இவ்வாறு ஒன்றன் வாயிலை மற்றொன்று அடைத்து நின்றது. மேற்பார்வையாளர் வினவிய போதெல்லாம் 'அடுத்த விடுமுறையில் முடித்துவிடுவேன், சேர்' என்பதே விடையாயிற்று. அவள் பொய் கூறவில்லை, அவ்வாறே நம்பினாள்.

இந்நம்பிக்கை அவளுக்கு மட்டும் உரியதன்று. 1994ஆம் ஆண்டிலே புவேலர், கிரிஃபின், ரோஸ் என்னும் உளவியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை முடிக்க எத்தனை நாட்கள் செல்லும் எனக் கனடிய மாணவர்களிடம் அவர்கள் வினவினர். சராசரியாக 34 நாட்கள் வரை என்பது மாணவரின் மதிப்பீடு. எல்லாமே தவறிப்போனால் எவ்வளவு செல்லும் என்று கேட்டபோது 49 நாட்கள் வரை என்றனர். உண்மையில் அவர்களுக்குச் சென்ற காலமோ சராசரியாக 55 நாட்களுக்கு மேல். குறித்த நாளில் முடித்தவர் மூன்றிலொரு பங்கினர்கூட இல்லை. மிக மோசமான நிலையைக் கற்பனை செய்தபோதுங்கூட மனித மனம் உண்மையிலும் பார்க்க நல்லதாகவே கற்பனை செய்தது என்பது எண்ணத்தக்கது. வருங்காலத்து மாணவன் இன்றைய மாணவனைவிட ஆற்றல் மிக்கவனாகவும் ஓய்வு மிக்கவனாகவும் தோன்றுகிறான். அவன் தலையிலே சுமையை ஏற்றிவிடுதல் இலகுவாயிருக்கிறது.

இதற்கெல்லாம் அடிப்படையாய் நிற்பது அச்சமே எனலாம். பாடசாலைக் காலத்தில் மாணவருக்குரிய நேரத்தைப் பிறரே வகுத்தனர். தனியார் கல்வி நிலையங்கள் காலை முதல் இரவு வரை அட்டவணை இட்டன. குறிப்புகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. எதிர்பார்க்கை வினாக்களுக்கு மாதிரி விடைகளும் இருந்தன. உயர்தரப் பரீட்சையில் அவற்றை மீட்டு எழுதியவர் சிறந்த பெறுபேறுகளும் பெற்றனர். பல்கலைக்கழகத்திலோ மாதிரி விடை இல்லை. 'உமது கருத்து யாது?' என்று கேட்கப்படுகின்றது. வெறுந்தாளின் முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு, தனக்கென்று ஒரு கருத்து இருக்கின்றதா என்ற ஐயமே முதலில் எழுகின்றது. குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவனாயின் அவனது பாரம் இன்னும் கனமானது. ஊரவர் அவனைக் கெட்டிக்காரன் என்று கொண்டாடியிருக்கின்றனர். எழுதாத கட்டுரை அந்தப் பெயருக்குப் பங்கம் விளைக்காது. எழுதிய கட்டுரை விளைக்கக்கூடும். இறுதி இரவில் எழுதிக் குறைந்த புள்ளி பெறின், 'நேரம் போதவில்லை' என்று கூறிக்கொள்ளலாம். போதிய நேரம் எடுத்து எழுதியும் குறைந்த புள்ளி கிடைத்தால் என் கூறுவது? தன் ஆற்றல் அளக்கப்படுவதினின்று தப்பும் வழியாகவே பலருக்குத் தாமதம் பயன்படுகின்றது.

உளவியலாளர் சிலரும் இதனையொத்த முடிபுக்கே வந்துள்ளனர். தள்ளிப்போடுதல் நேரத்தைப் பற்றிய குறைபாடு என்பதிலும் பார்க்க உணர்ச்சியை ஆளுதல் பற்றிய குறைபாடே என 2013ஆம் ஆண்டிற் சிறோய், பைக்கில் ஆகிய இருவர் எடுத்துரைத்தனர். கடினமான வேலையை நினைத்ததும் மனதில் ஒரு கசப்பு எழுகின்றது. அதனைத் தள்ளி வைத்த கணத்திலே கசப்பு நீங்குகின்றது. அக்கணநேர நிம்மதியே அடுத்த முறையும் தள்ளிவைக்கத் தூண்டும் கைக்கூலியாகிறது. இன்று கைத்தொலைபேசி அந்நிம்மதியை விரல் நுனியிலேயே வைத்திருக்கின்றது. முன்னைய தலைமுறை மாணவர் கட்டுரையினின்று தப்புவதற்குச் சிற்றுண்டிச்சாலை வரை நடக்க வேண்டியிருந்தது. இக்கால மாணவருக்கு அந்த நடையும் மிச்சம்.

நெருக்கடி வந்தாற்றான் தம்மாற் சிறப்பாக எழுத முடியும் என்று வாதிடுவாரும் உளர். ரைஸ், பௌமைஸ்ரர் என்போர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வாதத்துக்கு விடை கூறும். தள்ளிப்போடும் மாணவர் தவணையின் தொடக்கத்தில் ஏனையோரைவிட மனவமைதியுடன் இருந்தனர். தவணை முடிவிலோ அவர்களே கூடுதலான மன அழுத்தமும் நோயும் உற்றனர். அவர்கள் பெற்ற புள்ளிகளுங் குறைந்தன. முன்பு கடனாகப் பெற்ற அமைதியை வட்டியோடு திருப்பிக் கொடுத்தனர் போலும். கலைத்துறைக் கல்வியிலே இவ்விழப்பு மேலும் பெரிது. ஒரு வரலாற்று நூலை ஒரே இரவில் வாசித்துவிடலாம். அதனோடு முரண்பட்டு நிற்பதற்கு ஒரே இரவு போதாது. முரண்படக் காலமில்லாதவன் நூல் கூறியதையே திருப்பிக் கூறுவான். அதற்கும் காலமில்லாதவன் சிரேஷ்ட மாணவரின் குறிப்பைப் பார்த்து எழுதுவான். சிந்திக்கவென வந்த இடத்தில் மீண்டும் மாதிரி விடைக்கே அவன் திரும்பிவிடுகிறான்.

அவ்வாறாயின் இதனினின்று மீளும் வழி யாது? மனவுறுதியை வளர்த்துக்கொள்ளுமாறு கூறுவது பயன் தராது. மனவுறுதி உடையவனுக்கு அவ்வறிவுரை தேவையில்லை. இல்லாதவனுக்கு அது மற்றுமொரு பாரம். சிறியனவும் செய்யத்தக்கனவுமாகிய சில வழிகளே பயன் தருவன.

முதலாவது, வேலையைச் சிறிதாக்குதல். 'ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும்' என்பது எவராலும் ஒரு மாலைப் பொழுதிற் செய்யக்கூடியதன்று. ஆகவே எந்த மாலைப் பொழுதிலும் அது தொடங்கப்படுவதில்லை. 'இக்கூத்தின் பாத்திரங்களைப் பட்டியலிடவேண்டும்' என்பது அரை மணித்தியால வேலை. மலையைப் பார்த்து மலைத்து நிற்பவனும் முதற் படியிற் காலை வைக்கத் தயங்கமாட்டான்.

இரண்டாவது, நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே குறித்துவிடல். கொல்விற்சர், பிரண்ட்ஸ்ரற்றர் என்னும் ஜேர்மானிய உளவியலாளர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நத்தார் இரவைக் கழித்த விதம் பற்றி 48 மணித்தியாலத்துள் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர் கேட்கப்பட்டனர். எப்போது, எங்கே இருந்து எழுதுவது என்பதை முன்னரே குறித்துக்கொண்டவருட் பெரும்பாலோர் அதனை உரிய காலத்தில் எழுதினர். அவ்வாறு குறிக்காதவருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே எழுதினர். இரு சாராரிடமும் விருப்பம் இருந்தது. ஒரு சாராரிடம் மட்டுமே நாளும் நாழிகையும் இருந்தன. 'செவ்வாய்க்கிழமை விரிவுரை முடிந்ததும் நூலகத்தின் மேல்மாடி யன்னலோர மேசையில்' என்று குறித்தவன், 'இவ்வாரத்துள்' என்று குறித்தவனிலும் பாதி வழி முன்னே நிற்கிறான்.

மூன்றாவது, தவணையைப் பிறர் கையில் ஒப்படைத்தல். ஏரியலி, வேர்ட்டன்புரோக் ஆகியோர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மூன்று பகுதிகளைக் கொண்ட பிழைதிருத்தும் வேலை ஒன்று வழங்கப்பட்டது. சம இடைவெளியில் மூன்று தவணைகள் விதிக்கப்பட்டவரே மிகச் சிறப்பாகச் செய்தனர். தமக்குத் தாமே தவணை குறித்தவர் அடுத்த நிலையில் நின்றனர். முழுவதையும் இறுதி நாளில் ஒப்படைக்கலாம் என்று விடப்பட்டவர் கடைநிலையில் நின்றனர். சுதந்திரம் மிகுந்தோரே மிகவும் பின்தங்கினர். எனவே இரு வாரத்துக்கு ஒரு முறை ஐந்து பக்கங்களை மேற்பார்வையாளரிடமோ அறை நண்பனிடமோ கொடுப்பதாக வாக்களித்தல் நலம். அவர் வாசிக்காவிடினும் பாதகமில்லை. கொடுக்கவேண்டும் என்பதே வேலையை நடத்தும்.

நான்காவதே யாவற்றிலும் கடினமானது. முதற் பிரதி நன்றாக இராது என்பதை ஏற்றுக்கொள்ளல். குயவன் கையிலெடுத்ததும் மண் பானையாகிவிடுவதில்லை. முதலில் அது ஒரு மண்ணுருண்டைதான். எழுதப்பட்ட மோசமான பக்கத்தைத் திருத்தலாம். எழுதப்படாத சிறந்த பக்கத்தை எவராலும் திருத்த இயலாது. தன் எழுத்துத் தன் கண்ணுக்கே குறைபாடுடையதாகத் தோன்றுவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவனிடம் தள்ளிப்போடுதலின் வேர் அறுந்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் ஒரு மாணவரின் புள்ளியையும் வகுப்புச் சித்தியையும் பொறுத்த காரியமாக மட்டும் கருதிவிடுதல் கூடாது. தமிழ்க் கல்வியின் வரலாற்றிலே தாமதத்தின் விலை மிகப் பெரிது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881ஆம் ஆண்டில் வீரசோழியத்தையும், 1885ஆம் ஆண்டிற் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவர் தேடிப் பெற்ற ஏடுகள் தொட்ட இடத்திலே உதிரும் நிலையில் இருந்தன என்பதைத் தம் பதிப்புரையில் அவரே இரங்கிக் கூறியுள்ளார். இன்னும் தக்க பிரதிகள் கிடைக்கட்டும், அதன் பின்னர் பிழையறப் பதிப்பிக்கலாம் என்று அவர் காத்திருந்திருப்பின், பதிப்பிக்க எஞ்சியிருப்பது யாதோ? பிழைகள் இருக்கலாம் என அறிந்தே அவர் அச்சேற்றினார், பின்வந்தோர் திருத்தினர். சுவாமி விபுலானந்தர் 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர். பல பணிகளுக்கிடையே பல்லாண்டுகள் உழைத்து அவர் ஆக்கிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இடையில் ஓராண்டு தள்ளிப்போயிருப்பின் அந்நூல் முற்றுப்பெற்றிராது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வாசிக்கலாம் என்று எத்தனை பேர் எத்தனை நூல்களை மறுநாளுக்கு ஒத்திவைத்திருப்பர்? 1981ஆம் ஆண்டில் அந்நூலகம் எரியூட்டப்பட்ட பின்னர் அவற்றுட் பலவற்றுக்கு மறுநாள் என்ற ஒன்று இருக்கவில்லை. ஓலையும் காகிதமும் மனிதரின் நினைவும் மாணவரின் வசதிக்காகக் காத்திருப்பன அல்ல.

படுவான்கரை மாணவிக்கும் இதுவே நேர்ந்தது. மூன்றாம் விடுமுறைக்கு மூன்று வாரங்கள் இருக்கையில் அண்ணாவியார் காலமான செய்தி வந்தது. சில நாட்கள் அவள் எதையும் செய்யவில்லை. பொருளை மாற்றிக்கொள்ளலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள். அவர் கடிந்துகொள்ளவில்லை, 'அவருக்கு மத்தளம் அடித்தவர் யார்? அவருக்கு வயது என்ன?' என்று மட்டும் வினவினார். அவ்வினாவின் பொருள் அவளுக்கு விளங்கிற்று. அந்த வார இறுதியிலேயே அவள் பஸ் ஏறினாள். கோட்பாட்டு நூல்கள் வாசித்து முடிக்கப்படவில்லை; வினாக்கொத்தும் ஆயத்தமாகவில்லை. மத்தளக்காரர் நினைவிலிருந்தவற்றை அடித்துக் காட்டினார். கைத்தொலைபேசியில் அவள் பதிவு செய்தாள். அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகிய இருவர், மறந்துபோன ஒரு வரவின் தாளத்தை ஒருவரையொருவர் திருத்தித் திருத்தி மீட்டெடுத்தனர். ஏனைய சில தாளக்கட்டுகளை மீட்க எவராலும் இயலவில்லை. அவை அவருடனேயே போய்விட்டன. ஆய்வுக் கட்டுரையின் இறுதி இயலில், பெயர் மட்டும் எஞ்சி ஆட்டம் மறைந்துபோன தருக்களின் பட்டியல் ஒன்றை அவள் சேர்த்தாள். அக்கட்டுரையில் மிகவும் நேர்மையான பக்கம் அதுவே என்று கூறலாம்.

'நாளை பார்க்கலாம்' என்ற சொற்றொடரில் நாளை என்பது எப்போதும் ஒழிவுள்ள நாளாகவும், தெளிவுள்ள நாளாகவும், எல்லோரும் உயிருடன் இருக்கும் நாளாகவும் கற்பனை செய்யப்படுகின்றது. அத்தகைய நாள் நாட்காட்டியில் இல்லை. இன்றைய நாள் ஆயத்தமற்றது, அரைகுறையானது, கவலைகள் நிறைந்தது. ஆயினும் மத்தளக்காரர் இன்று வீட்டில் இருக்கிறார். நூல் இன்று அடுக்கில் இருக்கின்றது. பேனையில் மை இருக்கின்றது. இவ்வளவும் இருக்கும்போது ஒரு பக்கமேனும் எழுதலாம்.